நாளொழுங்கு காப்போம்

நாளொழுங்கு ஒன்றை ஆர்வத்துடன் வகுக்கின்றோம், சின்னாளில் கைவிடுகின்றோம். குறை நம் உறுதியிலா, வகுத்த முறையிலா?

அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்கிளின் (1706–1790) காலை 5 மணிக்கு எழவும், இரவு 10 மணிக்கு உறங்கவும், இடையே 8 மணி நேரம் தொழில் புரியவும் திட்டமிட்டார். ஆயினும், ஒழுங்கே தமக்கு மிக்க இடர் தந்ததெனத் தன்வரலாற்றில் ஒப்புகின்றார். அச்சகம் நடத்திய அவரை நாடுவோர் தத்தம் வசதிக்கேற்பவே வந்தனர்.

ஆதலின், நாளின் 60 நாழிகையையும் பணிகளால் நிரப்பாது, விருந்தினர்க்கும் எதிர்பாரா வேலைக்கும் சில நாழிகை ஒதுக்குவோம். தவிர்க்கலாகாதவற்றை முதலில் குறிப்போம். தவறியது ஏன் என இரவில் ஆராய்ந்து, மறுநாள் திட்டத்தைத் திருத்துவோம். முழு வெற்றி எய்தாவிடினும் முயற்சியால் தாம் மேம்பட்டதாகவே பிராங்கிளின் கருதினார். நமக்கும் அது பொருந்தும்.