ரேடியோ சொன்னால் கேட்டுவிடுவார்களா?

நம்பிக்கை: வீட்டுக்கு ஒரு ரேடியோ வந்துவிட்டால் போதும், குடும்பக் கட்டுப்பாடு பற்றிய விழிப்புணர்வு பெண்களுக்குத் தானாக வந்துவிடும்.

உண்மை: மேற்கு ஆப்பிரிக்க நாடான புர்கினா ஃபாசோவில் இதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். அங்கே 16 உள்ளூர் வானொலி நிலையங்களில் குலுக்கல் முறையில் 8 நிலையங்களைத் தேர்ந்தெடுத்து, இரண்டரை ஆண்டுகள் கருத்தடை பற்றிப் பேசவைத்தார்கள். மற்ற எட்டும் வழக்கம்போல ஒலிபரப்பின. இதோடு 1,500 பெண்களுக்கு ரேடியோவும் கொடுத்தார்கள். பிரசாரம் இல்லாத பகுதியில் ரேடியோ பெற்ற பெண்களிடையே கருத்தடைப் பயன்பாடு 5.2 சதவீதப் புள்ளி குறைந்தது. ஆண், பெண் பற்றிய பழைய எண்ணங்களும் அவர்களிடம் வலுத்தன. பிரசாரம் ஒலித்த பகுதியிலோ ரேடியோ பெற்றவர்களிடம் பயன்பாடு 5.8 புள்ளி உயர்ந்தது. ஊருக்கு ஊர் பெட்டி விநியோகிப்பதையே சாதனையாகச் சொல்லும் அரசுகள் இந்த முடிவைப் படிக்க வேண்டும்.

நம்பிக்கை: பிள்ளை வேண்டாம் என்ற எண்ணத்தை ஏழைப் பெண்களின் மனதில் வானொலி திணிக்கிறது.

உண்மை: புர்கினா ஃபாசோவில் நடந்தது வேறு. பிரசாரப் பகுதிகளில் நவீன கருத்தடைப் பயன்பாடு மொத்தத்தில் 5.9 புள்ளி கூடியது. ஏற்கெனவே பயன்படுத்தி வந்த பெண்கள் நடுவில் விடாமல் தொடர்ந்ததே இதற்குப் பெரிய காரணம். இந்தச் செய்தி எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. முடிவெடுத்த பெண்ணைத் தடுமாற வைப்பது பெரும்பாலும் பயம்தான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசியையே பாருங்கள். நம் அரசு மருத்துவமனைகளில் ‘அந்தரா’ என்ற பெயரில் இலவசமாகப் போடுவது அதைத்தான். போட்ட சில மாதங்களில் மாதவிடாய் தாறுமாறாக வரலாம், அடியோடு நின்றும் போகலாம். “கெட்ட ரத்தம் வயித்துக்குள்ளேயே தங்கிடும்” என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள். அடுத்த ஊசிக்கு அவள் போகமாட்டாள். உள்ளே எதுவும் தங்குவதில்லை. அந்த மருந்து கருப்பையின் உள்சவ்வை மெலிதாக்கிவிடுவதால் வெளியேற ரத்தமே சேர்வதில்லை. இதை முன்கூட்டியே ஒரு குரல் சொல்லியிருந்தால் அவள் பயந்திருக்கமாட்டாள்.

நம்பிக்கை: இதையெல்லாம் பயன்படுத்தினால் பிறகு குழந்தையே தங்காது.

உண்மை: மாத்திரையை நிறுத்தினாலோ காப்பர் டியை எடுத்துவிட்டாலோ கருத்தரிக்கும் திறன் விரைவில் திரும்பிவிடும். ஊசிக்கு மட்டும் கூடுதலாகச் சில மாதங்கள் ஆகும். அந்தத் தாமதத்தையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். மறைத்தால் தாமதமாகும் ஒவ்வொரு மாதமும் வதந்திக்கு உரமாகிவிடும்.

நம்பிக்கை: டிவி பார்க்கும் பெண்கள் கருத்தடை முறைகளை அதிகம் பயன்படுத்துகிறார்கள் என்று கணக்கெடுப்பு சொல்கிறது. அதுவே ஆதாரம்.

உண்மை: அது போதாது. டிவி உள்ள வீட்டில் பெரும்பாலும் பணமும் படிப்பும் இருக்கும், ஆஸ்பத்திரியும் பக்கத்தில் இருக்கும். எது எதனால் என்று பிரித்தறிய ஒப்பீடு வேண்டும். தான்சானியாவில் 1993-ல் ‘ட்வெண்டே நா வகாட்டி’ என்ற வானொலித் தொடர் தொடங்கியபோது, டொடோமா பகுதியில் மட்டும் 1995 வரை அதை ஒலிபரப்பவில்லை. தொடர் கேட்ட பகுதிகளில் குடும்பக் கட்டுப்பாட்டு முறைகளின் பயன்பாடு கூடியது. பின்னர் டொடோமாவிலும் ஒலிபரப்பியதும் அங்கேயும் ஏறியது.

நம்பிக்கை: அறிவுரையைத் திரும்பத் திரும்பச் சொன்னால் மனம் மாறிவிடும்.

உண்மை: தூர்தர்ஷனின் ‘ஹம் லோக்’ தொடர் 1984-ல் குடும்பக் கட்டுப்பாட்டை முன்வைத்துத்தான் தொடங்கியது. உபதேசத்தைப் பார்வையாளர்கள் ரசிக்கவில்லை. 13 அத்தியாயங்களுக்குப் பிறகு அதைத் தணித்துக்கொண்டு, குடும்பத்துக்குள் இருக்கும் உறவுகளையும் பெண்களின் நிலையையும் பேசினார்கள். தொடர் ஊரெல்லாம் பேசப்பட்டது. பிரேசிலில் குளோபோ தொலைக்காட்சியின் நெடுந்தொடர்கள் கருத்தடைப் பிரசாரத்துக்காக எடுக்கப்பட்டவையே அல்ல. அவற்றின் நாயகிகளுக்குப் பெரும்பாலும் பிள்ளை இல்லை, அல்லது ஒன்றே ஒன்று. அந்த அலைவரிசை எட்டிய ஊர்களில் பிறப்பு விகிதம் குறைந்ததை ஆய்வாளர்கள் பின்னால் கண்டறிந்தார்கள்.

நம்பிக்கை: இத்தனை செலவுக்கு ஏழை நாட்டில் வழியில்லை.

உண்மை: புர்கினா ஃபாசோ முழுவதும் இந்தப் பிரசாரத்தை விரித்ததால் கூடுதலாக 2,25,000 பெண்கள் நவீன முறைகளுக்கு வந்தார்கள் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். கூடுதலாக வந்த ஒரு பெண்ணுக்கு ஆன செலவு 7.7 டாலர்.