டிரெட்மில் வாங்கும் முன்

அன்புள்ள அரவிந்துக்கு,

வீட்டிலேயே ஜிம் வைக்கப்போகிறாய் என்று அண்ணி சொன்னார். சந்தோஷம். கூடவே உன் மூன்று மாதச் சர்க்கரை அளவு 6.2 என்றும் சொன்னார். அதனால்தான் போனில் பேசாமல் எழுதுகிறேன். 5.7 வந்தாலே எச்சரிக்கை, 6.5 வந்துவிட்டால் சர்க்கரை நோய். நம் வீட்டில் அது யாரை விட்டுவைத்திருக்கிறது? பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. ஆனால் டிரெட்மில்லும் மல்டிஜிம்மும் தவணையில் எடுக்கப் பார்க்கிறாயாமே, அதைப் பற்றிப் பேசியாக வேண்டும்.

முதலில் உன் உடம்புக்கு என்ன தேவை என்று பார். எடை சரியாகத்தானே இருக்கிறது என்பாய். 2004-ல் லான்செட் மருத்துவ இதழில் இரண்டு டாக்டர்கள் சேர்ந்து நிற்கும் படம் வந்தது: புனேயின் சித்தரஞ்சன் யாஜ்னிக், லண்டனின் ஜான் யுட்கின். இருவருக்கும் பிஎம்ஐ ஒன்றேதான், 22.3. உடல் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. நம்மவர்களை எடை மிஷின் ஒல்லி என்று சொல்லிவிடும். உள்ளே கொழுப்பு கூடுதல், தசை குறைச்சல். இன்சுலின் சொல்கேட்டு ரத்தத்துச் சர்க்கரையை அதிகமாக வாங்கிக்கொள்வது தசைதான். வேலை செய்யும் தசையோ, இன்சுலின் மந்தமாக இருந்தாலும் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். ஆக, நீ சேர்க்க வேண்டியது தசை. அது வளர வேண்டுமென்றால், தூக்கும் பாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிக்கொண்டே போக வேண்டும். டிரெட்மில்லில் அது நடக்காது.

நடையும் முக்கியம்தானே என்று கேட்பாய். முக்கியம்தான். வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, அதோடு இரண்டு நாளாவது தசைக்கு வேலை என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்னது. இதில் முன்னதற்குக் காசே வேண்டாம். திருவான்மியூர் கடற்கரை உனக்குக் கூப்பிடு தூரம். மழை, நாய், வெயில் எல்லாம் உண்மைதான். அன்றைக்கு மாடிப்படி ஏறி இறங்கு, மூச்சு நன்றாகவே வாங்கும். பணம் போட்டால்தான் செய்யத் தோன்றும் என்று ஒரு வாதம் உண்டு. பணம் போட்ட உற்சாகம் தவணை முடியும்வரை தாங்கினால் ஆச்சரியம். அதற்குப் பிறகும் பெல்ட்டுக்கு சிலிகான் எண்ணெய், சர்வீஸ் என்று மிஷின் கேட்டுக்கொண்டே இருக்கும்.

செலவழிக்க வேண்டியது பாரத்துக்கு. இரண்டு டம்பெல் ராடு, தட்டுகள், ஒரு பெஞ்ச், கனமான ரப்பர் மேட். இவ்வளவு போதும். 'ஹோம் ஜிம் செட்' என்று மலிவாக வருவதில் பலவும் பிவிசி ஓட்டுக்குள் சிமெண்ட் அடைத்தவை. நாலு முறை விழுந்தால் விரிசல் விட்டு அறையெல்லாம் தூள். வார்ப்பிரும்புத் தட்டை எடைபோட்டு கிலோ விலையில் வாங்கு. கடைக்காரர் பெரிய தட்டாகத்தான் காட்டுவார். நீ 1.25 கிலோ தட்டு நாலு கேட்டு வாங்கு. பத்து கிலோ பழகிய தோள்பட்டையை ஒரே தாவலில் பதினைந்துக்குக் கொண்டுபோனால் மூட்டுதான் மாட்டிக்கொள்ளும். ராடின் சொரசொரப்பான பிடியில்தான் கடல்காற்றுக்கு முதலில் துரு ஏறும். வியர்வையைத் துடைத்துவிட்டு ஒரு சொட்டு மிஷின் எண்ணெய் தடவி வை.

மல்டிஜிம் மிஷின்தான் பாதுகாப்பு என்பதில் பாதி நியாயம் இருக்கிறது. தனியாக மல்லாந்து பார்பெல் தூக்கி, நெஞ்சில் சிக்கினால் எடுத்துவிட ஆள் வேண்டும். அதனால்தான் 2.2 மீட்டர் பார்பெல் ராடு உனக்கு வேண்டாம் என்கிறேன். டம்பெல் என்றால் இரு பக்கமும் இறக்கிவிடலாம். ஆரம்பத்தில் ஒரு மாதம் பயிற்சியாளர் ஒருவரிடம் காசு கொடுத்து முறையைக் கற்றுக்கொள். தளம் தாங்குமா என்று அண்ணி கவலைப்படுகிறார். குடியிருப்பு அறைத் தளத்தைச் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ தாங்கும்படி கட்ட வேண்டும் என்பது இந்தியத் தர விதி. நீ வாங்கப்போவதைப் பரப்பி வைத்தால் அதற்கு ஒன்றும் ஆகாது. பொத்தென்று போட்டால்தான் டைல்ஸும் கீழ்வீட்டு மாமியின் பொறுமையும் உடையும்.

இவ்வளவும் சொன்னாலும் முடிவு உன்னுடையது. டிரெட்மில்தான் என்றால் டிரெட்மில். தவணையில் மட்டும் வேண்டாம். டாக்டர் மாத்திரை எழுதினால் இந்தக் கடிதத்தைக் காட்டித் தட்டிக்கழிக்காதே. மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம் கொடுத்துவிட்டு, எண் எதுவானாலும் எனக்குச் சொல். திட்டிவிட்டேன் என்று நினைக்காதேடா கண்ணா, நீ தானாகவே இதைத் தொடங்கியதில் எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? பெஞ்ச் என் கணக்கு; விலை பார்க்காமல் நல்லதாக எடு. சித்தி உனக்காகச் சுண்டல் மாவு, பருப்புப்பொடி என்று ஏதேதோ அரைத்துக்கொண்டிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்துவிடு.

உன்
சித்தப்பா