ஊழியத்தில் நேர்மையும் தாழ்மையும்

கேள்வி: சபைப் பணத்தையும் பொறுப்பையும் கையாளும் ஊழியர் நேர்மையோடும் தாழ்மையோடும் நிலைத்திருக்க வழி என்ன?

பதில்: ஊழியத்தில் நேர்மைக்கு நல்லெண்ணம் மட்டும் போதாது; பிறர் சரிபார்க்க இடம்தரும் ஏற்பாடும் வேண்டும். எருசலேமின் ஏழை விசுவாசிகளுக்காகத் திரட்டிய பணத்தை அப்போஸ்தலனாகிய பவுல் தம் கையில் மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. தீத்துவையும் சபைகள் தெரிந்தெடுத்த சகோதரரையும் அப்பொறுப்பில் சேர்த்தார் (2 கொரிந்தியர் 8). கர்த்தருக்கு முன்பாக மட்டுமன்றி மனிதருக்கு முன்பாகவும் குற்றச்சாட்டுக்கு இடமிருக்கக் கூடாது என்பதே காரணம்.

1948இல் கலிஃபோர்னியாவின் மொடெஸ்டோ நகரில் அமெரிக்க நற்செய்தியாளர் பில்லி கிரஹாமும் உடன் ஊழியரும் எடுத்த தீர்மானங்கள் இதே வழியில் அமைந்தன: உணர்ச்சியைத் தூண்டிக் காணிக்கை கேட்காமை, மனைவியல்லாத பெண்ணோடு தனித்திராமை, உள்ளூர்ச் சபைகளைக் குறைகூறாமை, கூட்டத்தின் எண்ணிக்கையைக் கூட்டிச் சொல்லாமை. கடைசி இரண்டும் தாழ்மையைக் காக்கும் வேலிகள்.

இந்தியாவிலும் இத்தகைய நேர்மைக்கு எடுத்துக்காட்டு உண்டு. தஞ்சையில் ஊழியம் செய்த ஜெர்மன் மிஷனரி சுவார்ட்ஸ், 1779இல் சென்னையிலிருந்த ஆங்கிலேய அரசின் தூதராக ஸ்ரீரங்கப்பட்டணம் சென்றார். மைசூரை ஆண்ட ஹைதர் அலி வழிச்செலவுக்குத் தந்த 300 ரூபாயைத் திரும்பியதும் அரசிடம் ஒப்படைக்க முன்வந்தார். அரசு அதை அவரையே வைத்துக்கொள்ளச் சொன்னதும், தஞ்சையில் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிக்குக் கொடுத்தார்.

இன்றைய சபைக்கும் இவையே பாடம். காணிக்கையை இருவராவது சேர்ந்து எண்ண வேண்டும். ஆண்டுக் கணக்கு தணிக்கையாகி சபையார் முன் வாசிக்கப்பட வேண்டும். போதகரைத் தட்டிக்கேட்கும் உரிமை மூப்பர்களுக்கு இருக்க வேண்டும். கேள்வி வரும்போது கோபப்படாமல் கணக்கை எடுத்துக் காட்டும் ஊழியரிடம் நேர்மையும் தாழ்மையும் ஒருங்கே இருக்கின்றன.