14 வரிகளிலிருந்து ஒரு நாவல்

அன்புள்ள கண்ணம்மா,

ஹோமரையும் ஷேக்ஸ்பியரையும் நேராகப் படிக்காமல், அவர்களை ஒட்டி இந்தக் காலத்தில் எழுதப்பட்ட நாவல்களிலிருந்து தொடங்கினால் அது குறுக்குவழி ஆகிவிடாதா என்று கேட்டிருக்கிறாய். ஆகாது. தாராளமாகத் தொடங்கு. ஷேக்ஸ்பியரே பழைய கதையை எடுத்துத் திருப்பிச் சொன்னவர்தான். லியர் அரசனின் கதையை வைத்து, யார் எழுதியது என்று தெரியாத ஒரு நாடகம் 1605-இல் லண்டனில் அச்சானது. அதில் இளைய மகள் சாகவில்லை. கிழவர் மறுபடி அரியணை ஏறுகிறார். அந்தக் கதை தெரிந்தவர்கள் உட்கார்ந்திருந்த அரங்கில்தான் ஷேக்ஸ்பியர் அவளைப் பிணமாகத் தகப்பன் கையில் கொடுத்தார். ஏதென்ஸிலும் இதே வழக்கம்தான். சோஃபக்ளிஸின் 'ஆன்டிகனி' பார்க்க வந்தவர்களுக்கு அவள் யார் வீட்டுப் பெண், அந்தக் குடும்பத்தைப் பிடித்த பீடை என்ன என்பதெல்லாம் வீட்டிலிருந்து கிளம்பும்போதே தெரியும்.

ஒரே ஒரு நிபந்தனை. நாவலை மூடிய கையோடு மூலத்தைத் திறக்க வேண்டும். திறந்து, இந்த நாவல் அங்கே எந்த இடத்தில் முளைத்தது என்று தேட வேண்டும். பெரும்பாலும் அது மூல ஆசிரியர் நிற்காமல் கடந்துபோன இடமாக இருக்கும்.

பாட் பார்க்கரின் 'தி சைலன்ஸ் ஆஃப் தி கேர்ல்ஸ்' (2018) நாவலை எடுத்துக்கொள். கதை சொல்பவள் பிரிசெயிஸ். 'இலியட்' காவியம் 15,000 வரிக்கு மேல். அது தொடங்குவதே அவளை யார் வைத்துக்கொள்வது என்ற சண்டையில்தான். அவள் ஊரைச் சூறையாடிய அகிலீஸுக்கு அவள் வெற்றிப் பரிசு. கிரேக்கப் படைத்தலைவன் அகமெம்னான் அவளைப் பிடுங்கிக்கொள்கிறான். அகிலீஸ் கோபித்துக்கொண்டு போரிலிருந்து விலகுகிறான். கிரேக்கர்கள் கொத்துக்கொத்தாகச் சாகிறார்கள். இவ்வளவுக்கும் காரணமான பெண், காவியம் முழுவதிலும் வாய் திறப்பது ஒரே ஒரு முறை. 19-ஆம் காண்டத்தில், அகிலீஸின் தோழன் பாட்ரோக்ளஸின் உடலைப் பார்த்து அழும்போது. மொத்தம் 14 வரிகள்.

அந்த 14 வரிகளை நிதானமாகப் படி. தன் கணவன் கண்ணெதிரே வெட்டுண்டதையும், கூடப்பிறந்த மூன்று பேர் ஒரே நாளில் செத்ததையும் சொல்கிறாள். அப்போது பாட்ரோக்ளஸ் தன்னை அழவிடாமல் தேற்றினான் என்கிறாள். என்ன சொல்லித் தேற்றினான் தெரியுமா? உன்னை அகிலீஸுக்கு முறைப்படி மணமுடித்து வைக்கிறேன் என்று. கணவனைக் கொன்றவனுக்கு மனைவியாவதுதான் அங்கே ஒரு பெண்ணுக்குக் கிடைத்த அதிகபட்ச ஆறுதல். அவள் பேசி முடித்ததும் ஹோமர் இன்னொன்றும் சொல்கிறார்: சுற்றியிருந்த அடிமைப் பெண்களும் அழுதார்களாம், பெயருக்குத்தான் பாட்ரோக்ளஸ், உள்ளுக்குள் ஒவ்வொருத்தியும் அழுதது தன் துக்கத்துக்கு. பார்க்கரின் நாவல் முழுவதும் இந்த இடத்தில்தான் நிற்கிறது என்று நினைக்கிறேன். ஹோமருக்கு எல்லாம் தெரிந்திருந்தது, கண்ணம்மா. அவர் அங்கே தங்கவில்லை, அவ்வளவுதான்.

மார்கரெட் அட்வுட்டின் 'தி பெனலோப்பியட்' (2005) இதற்கு அக்கா மாதிரி. 'ஒடிசி'யின் 22-ஆம் காண்டத்தில், தன் மனைவியை மணக்க வந்தவர்களை நாயகன் கொன்று முடித்ததும், அரண்மனை வேலைக்காரிகள் 12 பேரை முதலில் பிணங்களைத் தூக்கிப்போடச் சொல்கிறார்கள். மேசை நாற்காலிகளில் வழிந்த இரத்தத்தைக் கழுவச் சொல்கிறார்கள். கழுவி முடித்ததும் கப்பல் கயிற்றில் தூக்கிலிடுகிறார்கள். அட்வுட் அந்த 12 பேரையும் எழுப்பிப் பேசவும் பாடவும் வைக்கிறார். புதுமைப்பித்தனின் 'சாப விமோசனம்' படித்தவள் நீ. அகலிகை ஏன் மறுபடி கல்லானாள் என்று அப்போது கேட்டாயே, அந்தக் கேள்வியோடு இதைப் படி.

நாடகத்தில் நான் உனக்கு முதலில் சொல்வது 'லியர் அரச'னும் ஜேன் ஸ்மைலியின் 'எ தௌசண்ட் ஏக்கர்ஸ்' (1991) நாவலும்தான். கதை அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்துப் பண்ணை ஒன்றில், 1979-இல் நடக்கிறது. லாரி குக் என்ற முதியவர் ஆயிரம் ஏக்கரையும் மூன்று பெண்களுக்கும் எழுதிவைக்கிறேன் என்கிறார். இளையவள் தயங்குகிறாள், அவளை ஒதுக்கிவிடுகிறார். கதை சொல்வது மூத்தவள் ஜின்னி, அதாவது நாடகத்தின் கோனரில், நாம் வெறுத்துப் பழகிய பெண்.

நாடகத்தின் முதல் அங்கம், நான்காம் காட்சியில் லியர் கோனரிலைச் சபிக்கிறான்: உன் வயிற்றில் ஒன்றும் தங்கக் கூடாது என்று. பெற்ற மகளுக்கு இடுகிற சாபமா அது! மேடையில் அது நம்மைத் தாண்டிப் போய்விடும். கிழவரின் ஆத்திரம் என்று நினைத்துக்கொள்வோம். ஸ்மைலி போகவிடவில்லை. ஜின்னிக்குக் கரு தங்குவதே இல்லை. அப்பாவின் வயலுக்குப் போட்ட உரம் நிலத்துக்குள் இறங்கிக் கிணற்றுத் தண்ணீரில் கலந்திருக்கிறது. அந்தத் தண்ணீரைத்தான் இத்தனை வருஷமும் குடித்திருக்கிறாள். ஒரு சாபத்தை இப்படி மண்ணுக்குள்ளும் தண்ணீருக்குள்ளும் இறக்கிவைக்க முடியும் என்று இந்த நாவலைப் படிக்கும்வரை எனக்குத் தோன்றியதில்லை.

ஆனால் நாவல் எதை இழக்கிறது என்பதையும் பார். மூத்த பெண்கள் இருவரின் கோபத்துக்கு ஸ்மைலி ஒரு காரணம் தருகிறார்: தகப்பன் அவர்களின் இளம் வயதில் அவர்களிடம் முறைகெட்டு நடந்துகொண்டவன். அதைப் படித்த பிறகு கோனரில் உனக்கு வேறு பெண்ணாகிவிடுவாள். அதே நேரம் தகப்பன் சிறுத்துவிடுகிறான். நாடகத்தில், மூன்றாம் அங்கத்தில், கொட்டும் மழையில் நிற்கும் லியருக்குக் கூரையில்லாத ஏழைகளின் நினைவு வருகிறது. ஆண்ட காலத்தில் இவர்களை நான் கவனிக்கவே இல்லையே என்று வருந்துகிறான். லாரி குக்குக்கு அந்தக் கணம் வாய்ப்பதில்லை. அதற்காக நீ ஷேக்ஸ்பியரிடம்தான் போக வேண்டும். மகளின் நியாயத்தையும் அந்த மழையையும் ஒருசேர மனத்தில் வைத்துக்கொள்வது கஷ்டம். அந்தக் கஷ்டத்துக்காகவே இரண்டையும் படிக்கச் சொல்கிறேன்.

மீள்சொல்லல் எல்லாம் தேறும் என்று நினைத்துவிடாதே. பழைய பாத்திரத்தின் வாயில் இன்றைய கருத்துகளைத் திணித்துவிட்டு நின்றுபோகும் நாவல்களும் கடைகளில் நிறைய வருகின்றன. மூலத்துக்குத் திரும்பும்போது புதிதாக எதையும் காட்டவில்லை என்றால், அதை வைத்துவிடு.

கடைசியாக 'தி டெம்பெஸ்ட்'. புராணம், நாடகம், நாவல் மூன்றும் ஒரே கொடியில் காய்த்தது இது. ஐந்தாம் அங்கத்தில், தீவில் வாழும் மந்திரவாதி ப்ராஸ்பரோ தன் மந்திர சக்தியைப் பட்டியலிட்டு அதைத் துறப்பதாகச் சொல்லும் பேச்சு, ரோமானியக் கவி ஓவிடின் 'மெட்டமார்ஃபசிஸ்' ஏழாம் காண்டத்தில் சூனியக்காரி மீடியா பேசுவதிலிருந்து வந்தது. ஆர்தர் கோல்டிங் 1567-இல் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பு ஷேக்ஸ்பியரிடம் இருந்தது. கல்லறையைத் திறந்து செத்தவர்களை எழுப்பினேன் என்கிறான் ப்ராஸ்பரோ. ஆளரவமற்ற தீவில் யாரை எழுப்பினான்? அது மீடியாவின் குரல். தன் அடிமை காலிபனின் தாயைச் சூனியக்காரி என்று நாடகம் முழுக்கத் தூற்றியவன், தன் உச்சகட்டப் பேச்சை இன்னொரு சூனியக்காரியிடம் வாங்கியிருக்கிறான்.

இதைத் தெரிந்துகொண்டு அட்வுட்டின் 'ஹாக்-ஸீட்' (2016) நாவலுக்குப் போ. பதவி பறிபோன நாடக இயக்குநர் ஃபீலிக்ஸ், கனடாவில் ஒரு சிறைக்குள் கைதிகளை வைத்து இந்த நாடகத்தைப் போடுகிறான். வகுப்பில் கைதிகள் திட்டலாம். ஆனால் நாடகத்தில் இருக்கிற வசவுகளை வைத்து மட்டும்தான். அதற்காகவே அவர்கள் வரி வரியாகத் தேடிப் படிக்கிறார்கள். நாடகத்தில் எத்தனை சிறைகள் என்று எண்ணச் சொல்கிறான். ஒன்பதாவது சிறை அந்த நாடகமேதான் என்று பிறகு சொல்கிறான். ஒரு மூலத்தை எப்படிப் படிப்பது என்பதற்கு இந்த அத்தியாயங்களைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

கோல்டிங்கின் மீடியாவையும் ப்ராஸ்பரோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாய்விட்டுப் படி. கோலை ஒடித்துவிடுவேன், புத்தகத்தைக் கடலில் போட்டுவிடுவேன் என்கிறானே, அதை நீ நம்புகிறாயா என்று எனக்கு எழுது.

அன்புடன்,
உன் சித்தி