வீட்டு மரத்தவளையும் பரிவேஷ் பதிவும்

ஐப்பசி மழை தொடங்கினால் பனித்திட்டு, பாகூர் பக்கம் குளியலறைச் சுவரில் வந்து ஒட்டிக்கொள்ளுமே, பழுப்பு நிறத்தில், விரல் நுனியில் வட்ட வட்டமா ஒட்டுப்பட்டையோடு? பலர் தேரைன்னு சொல்றது அதைத்தான். உண்மையில் அது மரத்தவளை. கடிக்காது, விஷம் கிடையாது. தேங்காய் ஒல்லியாகிப் போவதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ராத்திரி விளக்கடியில் கரப்பானையும் பூச்சியையும் பிடித்துத் தின்னும், அவ்வளவுதான்.

இதைக் கண்ணாடித் தொட்டியில் அடைத்து வளர்க்க வேண்டிய அவசியம் இல்லை; காட்டுயிரைப் பிடித்து வைப்பதற்கு முன் புதுச்சேரி வனத்துறையிடம் கேட்டுக்கொள்வதே நல்லது. ஆனால் அது உங்க வீட்டிலேயே முட்டை வைத்தால்? தண்ணீர்த் தொட்டியின் உள்சுவரில், நீர்மட்டத்துக்கு மேலே, சோப்பு நுரை மாதிரி வெள்ளையா ஒரு பந்து தொங்கும். பெண் தவளை பின்னங்காலால் அடித்து அடித்து உண்டாக்கிய கூடு அது. உள்ளே நூற்றுக்கணக்கில் முட்டை இருக்கும். சில நாளில் தலைப்பிரட்டைகள் கீழே தண்ணீரில் விழும்.

இங்கேதான் சிக்கல். டெங்கு கொசு உருவாகாமல் இருக்க வாரம் ஒருமுறை தொட்டியைக் காலி செய்து தேய்க்கணும், அதை நிறுத்தக் கூடாது. அதனால் நுரைக் கூட்டை மெதுவா ஒரு தட்டால் வழித்து, அகலமான பிளாஸ்டிக் தொட்டியின் தண்ணீருக்கு மேலே குச்சி வைத்து அதில் வைங்க. மேலே கொசுவலை கட்டுங்க. பிளீச்சிங் பவுடர் போட்ட தண்ணீரோ, உப்புக் கரிக்கும் போர் தண்ணீரோ ஆகாது, மழைநீரே சிறந்தது. குழாய்த் தண்ணீர்தான் இருக்குன்னா ஒரு நாள் முழுக்கத் திறந்து வைத்த பிறகு ஊற்றலாம். வேகவைத்த கீரை கொஞ்சம் கொஞ்சமா போடுங்க, மிச்சத்தை எடுத்துடுங்க. அழுகினால் மொத்தமும் செத்துவிடும்.

முன்னங்கால் முளைத்ததும் பாதி ஓட்டைச் சாய்த்து வைக்க மறந்துடாதீங்க. ஏறி உட்கார இடமில்லைன்னா குட்டித் தவளை மூழ்கிச் செத்துப்போகும். வால் சுருங்கி முடிந்ததும் தோட்டத்தில் ஈரமான செடியடியில் விடலாம். தொட வேண்டியிருந்தால் கையை வெறும் தண்ணீரில் நனைத்துக்கொண்டு தொடுங்க. தவளை தோலாலும் மூச்சு விடுகிறது, கொசு விரட்டி கிரீம் பட்ட கை அதற்கு விஷம்.

கடையில் சிவப்புக் கண் மரத்தவளை வாங்க ஆசைப்படுபவர்களுக்கு வேறு கணக்கு. மத்திய அமெரிக்காவைச் சேர்ந்த அந்த இனம் 2010 முதல் சைட்டிஸ் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. 2022இல் திருத்தப்பட்ட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 2024 பிப்ரவரியில் வந்த விதிகள் இரண்டின்படியும் இப்படிப்பட்ட உயிரினத்தை வைத்திருப்பவர் பரிவேஷ் 2.0 இணையதளத்தில் பதிய வேண்டும். புதிதாக வாங்கினால் 30 நாளுக்குள். குட்டி போட்டாலும், இறந்தாலும், வேறொருவருக்குக் கொடுத்தாலும் தெரிவிக்கணும். செல்போனிலேயே பதியலாம், வாங்கிய ரசீதையும் தவளையின் தெளிவான படத்தையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்க. ரசீது தராத கடையில் வாங்காதீங்க.

வளர்க்க முடியலைன்னு அதைப் பாகூர் ஏரியில் விட்டுவிடவும் கூடாது. வெளிநாட்டுத் தவளையின் தோலில் வரும் கைட்ரிட் பூஞ்சை உலகின் பல இடங்களில் தவளை இனங்களையே அழித்திருக்கிறது. வனத்துறை அலுவலகத்தில் சொல்லி, அவர்கள் சொல்கிறபடி ஒப்படைங்க.