ஹைளுடைய நாட்களும் நம் வீட்டுப் பெண்களும்

ஜும்ஆ பயான், பெருங்களத்தூர்

அல்ஹம்துலில்லாஹி ரப்பில் ஆலமீன். வஸ்ஸலாத்து வஸ்ஸலாமு அலா ரசூலில்லாஹ். அம்மா பஃது.

தலைப்பைக் கேட்டதும், "இது மிம்பரில் பேசுகிற விஷயமா ஹஜ்ரத்?" என்று சிலர் நினைக்கலாம். அல்லாஹ் தன் வேதத்தில், அல்பகரா அத்தியாயத்தின் 222ஆம் வசனத்தில் பேசிய விஷயம் இது. ஹதீஸ் நூல்களில் ஹைளுக்கென்றே தனிப் பாடம் உண்டு. அரபிக் கல்லூரியில் அதை ஓதித்தான் நாங்கள் பட்டம் வாங்கினோம்.

ஓதியும் நான் தவறினேன். பல வருடங்களுக்கு முன், வேறோர் ஊரில் மக்தப் நடத்தியபோது, ஒரு பெண் பிள்ளை மாதாமாதம் நான்கைந்து நாள் வரமாட்டாள். ஒருநாள் எல்லோர் முன்னிலும் எழுப்பி நிறுத்தி அதட்டினேன். பிள்ளை அழுதாளே தவிர வாய் திறக்கவில்லை. வீட்டில் என் மனைவிதான் காரணத்தைப் புரியவைத்தார். வெட்கப்பட வேண்டியவன் நான். வெட்கப்பட்டதோ அந்தப் பிள்ளை.

நபி (ஸல்) அவர்களின் வீட்டில்

அன்றைய மதீனாவில் ஹைளு வந்த பெண்ணோடு சேர்ந்து சாப்பிடாத வழக்கம் சிலரிடம் இருந்தது. ஸஹாபாக்கள் கேட்டபோது, தாம்பத்திய உறவைத் தவிர மற்ற எதற்கும் தடையில்லை என்று நபியவர்கள் தெளிவுபடுத்தினார்கள் (முஸ்லிம்). ஆயிஷா (ரலி) அவர்கள் அந்த நாட்களில் குடித்த பாத்திரத்தில், அவர்கள் வாய் வைத்த அதே இடத்தில் வாய் வைத்துக் குடித்தார்கள். அவர்கள் மடியில் சாய்ந்து குர்ஆன் ஓதினார்கள். ஹஜ் பயணத்தில் ஸரிஃப் என்ற இடத்தில் ஹைளு வந்து ஆயிஷா (ரலி) அழுதபோது, இது ஆதமுடைய பெண்மக்களுக்கு அல்லாஹ் விதித்தது என்று ஆறுதல் சொன்னார்கள். தொழுகையும் நோன்பும் விலக்கப்பட்டது சலுகை. பெண்ணை ஒதுக்கச் சொல்லவில்லை.

ஒதுக்கினால் என்ன ஆகும்? 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த இரவு, பட்டுக்கோட்டை அருகே அணைக்காடு கிராமத்தில், வயதுக்கு வந்ததற்காக வீட்டுக்கு வெளியே குடிசையில் தங்கவைக்கப்பட்ட சிறுமி, தென்னை மரம் விழுந்து இறந்துபோனாள்.

"நம் சமூகத்தில் அப்படி இல்லை" என்று திருப்திப்பட வேண்டாம். ரமலானில் நம் பிள்ளைகள் அப்பாவுக்கும் அண்ணனுக்கும் பயந்து நோன்பாளி போல் நடிக்கிறார்கள். கதவைச் சாத்திக்கொண்டு தண்ணீர் குடிக்கிறார்கள். அல்லாஹ் கொடுத்த சலுகையை நாம் குற்றம்போல் ஆக்கிவிட்டோம். "ஏன் நோன்பு வைக்கவில்லை?" என்று இனிக் கேட்காதீர்கள்.

வறுமையின் கணக்கு

தமிழக அரசு 2012 முதல் புதுயுகம் திட்டத்தில் வளரிளம் பெண்களுக்கு நாப்கின் இலவசமாகத் தருகிறது. வருடத்திற்கு 18 பாக்கெட், பாக்கெட்டுக்கு 6. மாதத்திற்கு 9 வருகிறது. நான்கிலிருந்து ஆறு மணி நேரத்திற்கு ஒருமுறை மாற்ற வேண்டும். நாளைக்கு நான்கு, ஐந்து நாளைக்கு இருபது. மீதி பதினொன்றுக்கு எங்கே போவாள்? அம்மாவுக்கும் அக்காவுக்கும் வேண்டாமா? வாடகை, அரிசி, கரண்ட் பில் போக மிச்சமில்லாத வீட்டில் முதலில் வெட்டப்படுவது இந்தச் செலவுதான். துணி பயன்படுத்துவது தவறில்லை. ஆனால் வெட்கத்தால் அதை இருட்டு மூலையில் ஈரமாகக் காயப்போட்டால் நோய்த்தொற்று வரும். நல்ல வெயிலில் காய வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது

முதலாவது, மளிகைச் சாமான் பட்டியலில் இதையும் எழுதுங்கள். மகள் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

இரண்டாவது, பைத்துல்மாலிலிருந்து ஏழை வீடுகளுக்குக் கொடுக்கும் சாமான்களோடு நாப்கினும் போகட்டும். தகுதியுள்ளவர்களுக்கு ஜகாத்திலிருந்தும் கொடுக்கலாம். பெண்கள் கையால் பெண்களுக்குப் போய்ச் சேரட்டும்.

மூன்றாவது, மக்தபுக்கும் பெண்கள் தொழுமிடத்துக்கும் உரிய கழிப்பறையில் தண்ணீரும் மூடி போட்ட குப்பைத்தொட்டியும் இருக்க வேண்டும். இது ஜமாஅத்தின் பொறுப்பு.

மார்க்கத்தை அறிந்துகொள்ள வெட்கம் தடுக்கவில்லை என்று அன்ஸாரிப் பெண்களை ஆயிஷா (ரலி) பாராட்டினார்கள். அந்தக் கேள்விகள் நம் பெண்களிடமிருந்தும் வரட்டும். பதில் சொல்ல நமக்கும் வெட்கம் வேண்டாம்.

நம் வீட்டுப் பெண்களைக் கண்ணியமாக நடத்தும் தவ்ஃபீக்கை அல்லாஹ் நம் அனைவருக்கும் தருவானாக! ஆமீன். வஆகிரு தஃவானா அனில் ஹம்துலில்லாஹி ரப்பில் ஆலமீன்.