பச்சைச் சிப்பை எடுக்கும் நேரம்

போக்கர் டீலர் வேலைக்குக் கிளம்புகிற பையன்கள் எல்லாரும் சீட்டைக் கலைக்கிற அழகில்தான் மயங்குகிறார்கள். ஒற்றைக் கையால் கட்டை வெட்டுவது, மேசை நெடுகச் சீட்டை விரிப்பது, இதையெல்லாம் யூடியூபில் பார்த்துவிட்டு இதுதான் வேலை என்று நினைத்துக்கொள்கிறார்கள். கோவாவில், மாண்டவி ஆற்றில் நிற்கும் கப்பல்களில் டீலராக இருந்தவன் சொல்கிறேன்: சீட்டைக் கலைக்கத் தெரியாமல் வேலை கெட்டவன் எவனையும் நான் பார்த்ததில்லை. போட்டியின் நடுவே சின்ன மதிப்புச் சிப்பை எடுத்துவிட்டுப் பெரிய மதிப்புச் சிப்பை வைக்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் பேர் கெடும். என் பேர் அப்படித்தான் கெட்டது. அதுவும் அடுத்தவன் சொன்ன முடிவுக்காக.

நீங்களும் என்னைப்போல மாயவரத்தில் பி.காம். முடித்திருப்பீர்கள். திருக்கடையூர் சன்னதித் தெருவில் அப்பாவின் பூஜைக் கடையில் உட்கார மனசு வராது. கண்டிப்பான வீடு என்பதால் அதுவரை ரம்மிகூடத் தொட்டிருக்க மாட்டீர்கள். பரவாயில்லை. ஆடத் தெரியாதவன்தான் நல்ல டீலர். வேளாங்கண்ணியிலிருந்து வாஸ்கோ போகிற வாராந்திர ரயிலில் ஏறிப் போவது, பயிற்சி, அடையாள அட்டை, ஐந்து பேர் படுக்கிற அறை, கறுப்பு வெள்ளைச் சீருடை எல்லாம் தானாக நடக்கும். அதில் நான் சொல்ல ஒன்றுமில்லை. இந்தியைக் கொஞ்சம் கற்றுக்கொண்டு போங்கள். ஏன் என்று பிறகு தெரியும்.

போக்கர் போட்டியில் சிப்பின் மேல் எழுதியிருக்கும் எண் ரூபாய் அல்ல. நுழைவுக் கட்டணம் கட்டியவர் எல்லாருக்கும் ஒரே அளவு சிப் கொடுப்பார்கள். எங்கள் போட்டியில் ஆளுக்கு 25,000. அதில் 25 மதிப்புள்ள பச்சைச் சிப் 8, மீதி 100, 500, 1,000 என்று போகும். ஆட்டம் தொடங்குகையில் கட்டாயப் பந்தயம், அதாவது பிளைண்டு, சிறியதாக இருக்கும். குறித்த நேரத்துக்கு ஒருமுறை அது ஏறும். 75/150 வரைக்கும் பச்சைச் சிப் இல்லாமல் முடியாது. அடுத்த கட்டம் 100/200 என்று வந்துவிட்டால் அதற்கு வேலையே இல்லை. வைத்திருந்தால் எண்ணுவதற்கு நேரம் போகும், அடுக்கு சரியும், ஆட்டம் இழுக்கும். அதனால் இடைவேளையில் பச்சையை முழுக்க எடுத்துவிடுவார்கள். இதை 'கலர் அப்' என்பார்கள்.

நான்கு பச்சைக்கு ஒரு 100. இதில் என்ன சிரமம் என்று கேட்பீர்கள். ஒருவரிடம் 11 பச்சை இருந்தால் 8 போய் இரண்டு 100 ஆகிவிடும். மீதி 3? மேசையில் உள்ள ஒன்பது பேரிடமும் இப்படி ஒன்று, இரண்டு, மூன்று என்று உதிரி நிற்கும். அதற்குத்தான் 'சிப் ரேஸ்'. உதிரிகளையெல்லாம் மொத்தமாக எண்ணி நான்கால் வகுக்க வேண்டும். எத்தனை வருகிறதோ அத்தனை 100 சிப்பை நடுவில் வைக்க வேண்டும். பிறகு ஓர் உதிரிச் சிப்புக்கு ஒரு சீட்டு என்று, டீலரின் இடப்பக்கம் இருக்கும் முதல் இருக்கையிலிருந்து முகம் தெரியப் போட வேண்டும். ஒருவருக்குரிய சீட்டு முழுக்கப் போட்ட பிறகே அடுத்தவர். பெரிய சீட்டு யாருக்கோ அவருக்கு ஒரு 100. இரண்டு பேருக்கு ஒரே மதிப்பு வந்தால் இஸ்பேடு, ஆர்ட்டின், டைமன், கிளாவர் என்ற வரிசையில் பார்க்க வேண்டும். ஒருவர் ஒரு சிப்புக்கு மேல் வாங்க முடியாது.

இந்த இடத்தில் அப்பாவைச் சொல்ல வேண்டும். திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணமும் எண்பதாம் கல்யாணமும் நடக்காத நாள் குறைவு. வருகிறவர்கள் 500 ரூபாய்த் தாளோடு வருவார்கள். தட்சிணைக்குப் பத்து ரூபாய்த் தாள் வேண்டும். அப்பா மாற்றிக் கொடுப்பார். கொடுக்கவேண்டிய பத்து ரூபாய்க் கட்டை முதலில் மேசைமேல் வைத்து, அவர்கள் கண் முன்னால் எண்ணி, அவர்களையும் எண்ணச் சொல்லி, அவர்கள் சரி என்ற பிறகுதான் 500-ஐத் தொடுவார். அதுவரை அந்தத் தாள் அவர்கள் பக்கத்திலேயே கிடக்கும். "எடுத்த கை மேலதான்டா சந்தேகம் வரும்" என்பார். பயிற்சி மையத்தில் இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அங்கே சீட்டை வீசுவதற்கு வாரக்கணக்கில் பழக்கினார்கள். சிப் ரேஸ் பற்றி ஒரு மத்தியானம், சாப்பாட்டுக்குப் போகும் அவசரத்தில், பலகையில் கிறுக்கிக் காட்டினார்கள். கட்டணம் மட்டும் முழுசாக வாங்கினார்கள்.

நடந்தது இதுதான்.

எட்டாம் இருக்கையில் சென்னைக்காரர் ஒருவர். அறுபதை நெருங்கியவர். என் பேச்சிலிருந்து கண்டுபிடித்து, "எந்த ஊரு தம்பி?" என்றார். சொன்னேன். "அட, அடுத்த வருஷம் அங்கதானே வரப்போறேன்" என்று சிரித்தார். இடைவேளைக்கு முந்தைய ஆட்டத்தில் இருந்ததையெல்லாம் தள்ளினார், தோற்றார். எதிராளியிடம் அவரைவிட 50 குறைவாக இருந்ததால் கையில் இரண்டே இரண்டு பச்சைச் சிப் மிச்சம். மேசையே சிரித்தது. அவர் அசரவில்லை. "உங்க ஊர்ல சாமி எமனையே எட்டி உதைச்சிருக்காரு தம்பி, பார்க்கலாம்" என்றார்.

உதிரிகளை எண்ணினேன். ஒன்றாம் இருக்கையில் 3, இரண்டில் 1, நான்கில் 2, ஐந்தில் 3, ஆறில் 1, எட்டில் இவருடைய 2. மொத்தம் 12. அப்படியானால் மூன்று 100. சீட்டைப் போட்டேன். ஐந்தாம் இருக்கைக்கு இஸ்பேடு ஏஸும் டைமன் ராஜாவும் வந்தன, ஒன்றாம் இருக்கைக்கு ஆர்ட்டின் ராஜா, நான்காம் இருக்கைக்குக் கிளாவர் ராணி. ஐந்துக்கு ஒன்று, ஒன்றுக்கு ஒன்று. ஐந்து ஏற்கெனவே வாங்கிவிட்டதால் டைமன் ராஜா செல்லாது, மூன்றாவது சிப் கிளாவர் ராணிக்கு. இதையெல்லாம் தப்பில்லாமல் செய்தேன். எட்டாம் இருக்கைக்கு ஒன்பதும் நாலும்தான்.

மேற்பார்வையாளர் பின்னால் நின்றிருந்தார். இரண்டு பச்சையையும் எடு, எட்டாம் இருக்கை காலி என்று இந்தியில் சொன்னார். எனக்கு விதி தெரியும். சிப் ரேஸில் தோற்று யாரும் போட்டியை விட்டு வெளியேறக் கூடாது. கடைசிச் சிப்பையும் ரேஸில் இழந்தவருக்கு, ஆட்டத்தில் இருக்கும் சிப்புகளில் ஆகச் சின்னதில் ஒன்று கொடுத்தே ஆக வேண்டும். அவருக்கு ஒரு 100 வந்திருக்க வேண்டும். "சார், ஒரு சிப் கொடுக்கணும்" என்று எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் சொன்னேன். அவர் காதில் விழுந்தது என்று கற்பூரம் அடித்துச் சொல்வேன். 'எடு' என்று விரலை ஆட்டினார். எடுத்தேன். சென்னைக்காரர் எழுந்து என் கையைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டார்.

இடைவேளை முடிந்து சில ஆட்டங்கள் ஓடியபின், ஆறாம் இருக்கையில் இருந்த பெங்களூர்ப் பையன் கைபேசியில் விதியைத் தேடி எடுத்துக் காட்டினான். அதற்குள் எட்டாம் இருக்கையில் வேறு மேசையிலிருந்து ஒருவரைக் கொண்டுவந்து உட்காரவைத்தாயிற்று. ஆடிய ஆட்டத்தைத் திரும்ப அள்ள முடியுமா? விசாரணை வந்தது. கேமராவில் எல்லாம் பதிவாகியிருந்தது. ஆனால் படம் மட்டும், ஒலி கிடையாது. நான் சொன்ன சொல் அதில் இல்லை. என் கை நீண்டு இரண்டு பச்சைச் சிப்பை வாரி எடுப்பது மட்டும் துல்லியமாக இருந்தது. மேற்பார்வையாளர் திரையில் ஓரமாக, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அந்தப் பெரியவருக்கு அடுத்த போட்டியில் இலவச நுழைவு கிடைத்தது. என்னைப் போட்டி மேசைகளிலிருந்து எடுத்து, டிப்ஸ் அதிகம் விழாத சின்னக் காசு மேசைக்கு இரவு ஷிஃப்டில் தள்ளினார்கள். மேற்பார்வையாளருக்குப் பிறகு பதவி உயர்வு.

ஒரு 100 சிப்பில் என்ன இருக்கிறது, அடுத்த ஆட்டத்திலேயே போயிருக்கும் என்று என் அறைத் தோழர்களே சொன்னார்கள். 1982-இல் லாஸ் வேகாஸில், வேர்ல்டு சீரிஸ் ஆஃப் போக்கரின் முதன்மைப் போட்டியில் ஜாக் ஸ்ட்ராஸ் என்பவர் எல்லாம் போய்விட்டது என்று எழுந்தபோது ஒற்றை 500 சிப் ஒளிந்திருந்ததைக் கண்டு, திரும்ப உட்கார்ந்து ஆடிப் பட்டத்தையே வென்றார். 'ஒரு சிப்பும் ஒரு நாற்காலியும்' போதும் என்று போக்கர் ஆடுகிறவர்கள் இன்றைக்கும் சொல்வது அதை வைத்துத்தான். மேட் சாவேஜ், லிண்டா ஜான்சன், ஜான் ஃபிஷர், டேவிட் லாம்ப் ஆகியோர் 2001-இல் தொடங்கிய போட்டி இயக்குநர்கள் சங்கத்தின் விதிப் புத்தகம்தான் இன்று உலகம் முழுக்கப் பல போட்டிகளுக்குச் சட்டம். ரேஸில் தோற்று யாரும் வெளியேறக் கூடாது என்ற விதி அதில் எல்லாருக்கும் புரியும்படி எழுதியிருக்கிறது. படிக்காமல் கோட்டு மாட்டிக்கொண்டு நின்றவரைக் கேட்க ஆளில்லை.

ஆகவே, நீங்கள் போகிற இடத்தில் இப்படிச் செய்யுங்கள். புதுச் சிப் மேசைக்கு வராமல் பழைய சிப்பில் கை வைக்காதீர்கள். இடைவேளை என்று ஆட்டக்காரர்கள் சிகரெட் பிடிக்க ஓடுவார்கள். "ரேஸைப் பார்த்துவிட்டுப் போங்கள்" என்று ஒருதரம் சத்தமாகச் சொல்லுங்கள். உதிரியை ஆட்டக்காரரின் முன்னாலேயே, அவர் அடுக்கிலிருந்து கொஞ்சம் தள்ளி வரிசையாக வையுங்கள், உங்கள் பக்கம் இழுக்காதீர்கள். கடைசிச் சிப்போடு ஒருவர் இருந்தால் ரேஸுக்கு முன்னாலேயே கையைத் தூக்கி ஆளைக் கூப்பிட்டுக் கேளுங்கள். முடிவில் சந்தேகம் வந்தால் இரண்டு உள்ளங்கையையும் மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டு, போட்டி இயக்குநர் வரட்டும் என்று சொல்லுங்கள். கேமராவுக்கு அது ஒன்றுதான் புரியும். எடுக்கச் சொன்னால், நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லுங்கள். திமிர் பிடித்தவன் என்பார்கள். என்னைப் பணிவானவன் என்றார்கள், அதனால் எனக்கு ஒரு பைசா பிரயோஜனம் இல்லை.

வகுத்தால் மீதி நிற்கிற கணக்கும் வரும். ஒரே மேசைப் போட்டியில் வராது. பல மேசைகளிலிருந்து ஆட்களை இடம் மாற்றும்போது பச்சைச் சிப்பும் கூடவே நகர்வதால், ஒரு மேசையில் 11 உதிரி, இன்னொன்றில் 13 என்று நிற்கும். மீதி இரண்டோ மூன்றோ என்றால் இன்னொரு 100 வைப்பார்கள், ஒன்று என்றால் விட்டுவிடுவார்கள். உங்கள் இடத்தில் என்ன வழக்கம் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொரு தொல்லை, எல்லாம் முடிந்தபின் சிப்போடு வருகிறவர். ஒருவர் ரேஸ் முடிந்து வெகுநேரம் கழித்து, அடுக்குக்கு அடியில் ஒட்டிக்கிடந்தது என்று மூன்று பச்சைச் சிப்பை நீட்டினார். விதிப்படி, சம மதிப்புக்குத்தான் மாற்றலாம். நான்கு இருந்தால் ஒரு 100. மூன்று என்றால் ஈடு எதுவும் இல்லாமல் எடுத்துவிட வேண்டியதுதான். அரை மணி நேரம் சண்டை பிடித்தார். எங்கள் கடை இழுப்பறையில் இன்னும் ஒரு டப்பா நிறைய 25 பைசா இருக்கிறது. 2011 ஜூன் 30 முதல் செல்லாது என்று ரிசர்வ் வங்கி முன்கூட்டியே அறிவித்தும், அப்பா வங்கிக்குப் போய் மாற்றவில்லை. அவர் யாரோடும் சண்டை பிடிக்கவில்லையே!

உண்மையில் இந்த ரேஸே தேவையில்லை என்பது என் கட்சி. பல இடங்களில் உதிரி ஒன்று இருந்தாலும் மூன்று இருந்தாலும் ஆளுக்கு ஒரு 100 கொடுத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறார்கள். ஒன்பது பேரும் தலைக்கு 75 கூடுதலாக வாங்கினாலும் 675. மேசையில் கிடப்பது 2,25,000. யாருக்கு என்ன நஷ்டம்? எங்கள் மேற்பார்வையாளருக்கோ ரேஸ் வைத்தால்தான் தொழில்முறை. வைக்கத் தெரிந்தவர் வைக்கலாம்.

ஊரில் மாமா ஒருவர் கல்யாண வீட்டுப் பந்தியில் எல்லார் முன்னாலும், "சூதாட்டக் கப்பல்ல இருந்தவன்" என்று என்னைக் காட்டிச் சொல்கிறார். ரம்மியும் போக்கரும் திறமையை வைத்து ஆடுகிற ஆட்டங்கள் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் தமிழக அரசின் ஆன்லைன் விளையாட்டுச் சட்ட வழக்கில் சொன்னதை அவருக்கு எடுத்துச் சொன்னேன். கேட்கிற ஆள் இல்லை. டீலர் ஆடுவதே இல்லை மாமா, எண்ணிக் கொடுப்பவன்தான் என்றும் சொன்னேன். நாலு பேர் பார்க்க அவரே தன் அறுபதாம் கல்யாணத்துக்குப் பத்து ரூபாய்க் கட்டு எங்கள் கடையில்தான் வாங்கினார். எண்ணிக் கொடுத்தது நான்தான். ஒரு தாள் குறைந்ததா என்று அவரைக் கேளுங்கள்.

போவதென்று முடிவு செய்துவிட்டீர்கள் என்றால், பயிற்சி மையத்தில் பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "ரேஸில் கடைசிச் சிப்பைத் தோற்றவருக்கு என்ன கொடுக்க வேண்டும்?" பட்டென்று பதில் வந்தால் கட்டுங்கள். வகுப்பில் சொல்லித்தருவோம் என்று இழுத்தால், பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த மையத்துக்கு நடங்கள். பனாஜியில் ஒன்றுக்கு மேல் இருக்கிறது.